மெழுகுவத்தியும் மேசையும்

தமிழில் அறிவியல் நூல்கள் பெருகிவிட்டன. மகிழ்ச்சி! ஆனால், அவற்றுள் பெரும்பாலானவை செய்யும் வேலை என்ன? விண்மீன் எத்தனை கோடிக் கல் தொலைவில் இருக்கிறது என்று ஒரு பக்கம். மூளையில் எத்தனை கோடி நரம்பணுக்கள் என்று மறுபக்கம். படிப்பவன் வாயைப் பிளக்கிறான். பிளந்த வாய் மூடுமுன் அடுத்த வியப்பு வந்து விழுகிறது. புராணிகனும் இதைத்தானே செய்தான், தோழர்களே! ஆயிரம் தலை என்றான், பதினாயிரம் ஆண்டுத் தவம் என்றான். கேட்டவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எண்கள் மாறியிருக்கின்றன, கேட்பவனுடைய நிலை மாறவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி அங்கும் எழவில்லை, இங்கும் எழவில்லை.

வியப்பூட்டும் எழுத்துக்கும் அறிவூட்டும் எழுத்துக்கும் உள்ள தொலைவை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. மைக்கேல் ஃபாரடே இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் அடங்கிய, மெழுகுவத்தியின் வேதியியல் வரலாறு கூறும் நூல் அது. 1860ஆம் ஆண்டு இறுதியிலும் 1861ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் நிகழ்த்தப்பெற்று, 1861இல் வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியல் அறிஞரால் பதிப்பிக்கப்பெற்றது.

ஃபாரடே யார்? கொல்லர் மகன், கல்லூரி வாயிலை மிதியாதவர், பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சென்றவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிஞரானார். அப்படிப் படித்தவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806இல் எழுதிய வேதியியல் உரையாடல் நூல். முதற் பதிப்புகளில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை! டேவி என்ற பேரறிஞரின் சொற்பொழிவைக் கேட்டும் சரிவர விளங்காமல், பின்பு நண்பர் ஒருவருடன் பேசிப்பேசித் தெளிந்தவர் அவர். ஆகவேதான் ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் வினவி விடைகாணும் முறையில் நூலை அமைத்தார். பெயரில்லாத ஒரு பெண்ணின் எளிய நூல், பட்டம் இல்லாத ஒரு தொழிலாளிப் பையனை மின்னியலின் தந்தையாக்கியது. பொதுமக்களுக்கான அறிவியல் எழுத்தை இரண்டாந்தர வேலை என்று ஏளனம் செய்யும் பேராசிரியப் பெருமக்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நூலுக்கு வருவோம். ஃபாரடே விண்மீனைக் காட்டவில்லை, வீட்டு மெழுகுவத்தியைக் காட்டுகிறார். உருகிய மெழுகு திரியில் மேலேறுகிறதே, எப்படி? விடையை உடனே சொல்லிவிடவில்லை. தட்டில் ஓர் உப்புத் தூணை நிறுத்துகிறார். நீல நிறம் ஏற்றிய உப்புநீரை அடியில் ஊற்றுகிறார். நீலம் தூணில் ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்கிறார்கள். எரிவது மெழுகா, மெழுகின் ஆவியா? சுடரை ஊதி அணைக்கிறார். எழும் புகைச் சுவட்டில், திரிக்கு இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் தீயைக் காட்டுகிறார். தீ காற்றிலே தாவித் திரியைப் பற்றிக்கொள்கிறது! பிறகு சுடரிலிருந்து நீர் பிறப்பதையும், சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும் வாயு பிறப்பதையும் காட்டி, நம் மூச்சும் அச்சுடரைப் போன்ற எரிதலே என்று கொண்டு சேர்க்கிறார். புகைச் சுவட்டுச் சோதனையை எந்த ஊர்ப் பள்ளியிலும், இரண்டு மெழுகுவத்தியும் ஒரு தீப்பெட்டியும் கொண்டு செய்யலாம். ஆனால் நம் வகுப்பறைகளில் அது வினாவிடையாகத்தான் நடக்கிறது, ஐந்து மதிப்பெண்ணுக்கு!

குறை இல்லாத நூலன்று இது. சொற்பொழிவைக் கேட்டவருக்கு மேசைமீது கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. படிப்பவருக்கு வெறும் தாள்தான் இருக்கிறது. பிற்பகுதியில் கருவிகள் மிகுந்து, சாதாரண வீட்டில் செய்ய இயலாத சோதனைகள் அடுக்கடுக்காக வருகின்றன. அங்கே படிப்பவன் மீண்டும் பார்வையாளன் ஆகிவிடுகிறான்.

ஆனால் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. இந்நூலுக்கு ஏறத்தாழ எட்டாண்டு முன்பே ஃபாரடே எழுதிய ஒரு கடிதம், நூலைவிடக் கூர்மையானது. அப்போது இலண்டன் மாளிகைகளில் மேசை சுழற்றும் பித்துப் பிடித்திருந்தது. கனவான்கள் கூடி மேசைமேல் கை வைப்பார்கள். மேசை தானே சுழலும். ஆவிகளின் வேலை என்றனர் சிலர், மின்சாரம் என்றனர் சிலர். ஃபாரடே ஏசவில்லை, எள்ளி நகையாடவும் இல்லை. அட்டைகளை இளகிய பசையால் அடுக்கி ஒட்டி, கைகளுக்கும் மேசைக்கும் இடையே வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் அடி அட்டை முந்த வேண்டும். கை முதலில் நகர்ந்தால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியது! அடுத்து, கையின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு சுட்டுமுள்ளை அமைத்தார். முள்ளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் மேசை அசையவே இல்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தம்மை அறியாமல் தாமே தள்ளியவர்கள். 1853 ஜூன் 30இல் டைம்ஸ் நாளிதழில் இந்த விளக்கம் வெளிவந்தது.

பித்து ஒழிந்ததா? இல்லை. மெழுகுவத்தி நூலைப் பதிப்பித்த அதே குரூக்ஸ், தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த குரூக்ஸ், 1870களில் ஆவியுடன் பேசுவதாகச் சொன்ன இளம்பெண்ணுக்கு நற்சான்று வழங்கினார்! ஃபாரடேயின் சோதனைகளைப் பதிப்பித்த கையேதான் அந்தச் சான்றிதழையும் எழுதியது. அறிவியல் செய்திகள் தலையில் நிரம்பினால் மூடநம்பிக்கை தானே வெளியேறிவிடும் என்று நம்பும் நம் எழுத்தாளர்கள் இந்த மனிதரை மறக்கக் கூடாது. ஃபாரடேயிடமும் ஒரு பூட்டிய அறை உண்டு. 1854இல், தீர்ப்புக் கூறும் மனத்தைப் பழக்குவது பற்றி அருமையாகப் பேசிய அவரே, சமய நம்பிக்கை இந்த விதிக்கு உட்பட்டதன்று என்று விலக்குக் கேட்டார். மேசைக்கு வைத்த முள்ளைத் தம் வழிபாட்டுக்கு வைக்க அவர் மறுத்ததைக் குறை என்றே எழுதுகிறேன்.

நம் நாட்டிலும் மேசை சுழன்றதுண்டு. 1995 செப்டம்பர் 21இல் பிள்ளையார் பால் குடித்தார் அல்லவா? டில்லியில் தொடங்கி, ஒரே நாளில் கடல் கடந்தும் பரவிய அற்புதம்! கரண்டியுடன் வரிசையில் நின்றவருள் நுண்புழை ஏற்றத்தைப் பள்ளியில் படித்துத் தேர்வெழுதியவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? அரசின் அறிவியலாளர்கள் அன்றைக்கே பாலில் சாயம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டேறிய பால், சிலையின் மேனியில் மெல்லிய படலமாக வழிந்தோடுவதைச் சாயம் காட்டிக் கொடுத்தது. ஃபாரடேயின் நீல உப்புநீருக்கு உறவுதான் அந்தச் சாயப் பால். ஆனால் மறுநாள் விளக்கமாகப் படித்தவனுக்கும், கரண்டியைக் கையில் பிடித்தபடியே தானே சாயம் கலந்து பார்த்தவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் அடுத்த அற்புதத்திற்கும் விளக்கம் வரும்வரை காத்திருப்பான்.

ஆகவே, தமிழில் இனி எழுதப்புகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெழுகுவத்தி நூலை மொழிபெயர்ப்பவர், மேசைக் கடிதத்தையும் அதனுடன் சேர்த்து ஒரே அட்டைக்குள் கட்டுங்கள். குரூக்ஸின் கதையை முன்னுரையில் மறைக்காமல் எழுதுங்கள். அட்டை, பசை, சுட்டுமுள் அமைக்கும் விதத்தைப் படத்துடன் போடுங்கள்; எட்டாம் வகுப்பு மாணவி செய்து பார்க்கும் அளவுக்கு எளிதாக.