முடிச்சுப் போட்டவர் யார்?

மாணவன் மணிக்கட்டிலே வண்ணக் கயிறு. கேட்டால், "சாமி கயிறு" என்கிறான். அப்படியாயின் இந்தத் தெருவுக்கு ஒரு வண்ணம், அடுத்த தெருவுக்கு வேறு வண்ணம் ஏன்? சாமி தெருவுக்குத் தெரு நிறம் மாறுகிறதா? சிந்தியுங்கள், தோழர்களே! "நான் இன்ன சாதி" என்று வாய் திறவாமல் பறைசாற்றும் கயிறு அது.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டுத் திங்கள் காட்டிற்று. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற ஆதிதிராவிட மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். ஏடேந்த வேண்டிய கையிலே அரிவாள்! அந்தோ, நாம் தந்த கல்வியின் விளைச்சல் இதுதானா?

அதன்பின் அரசு அமைத்த ஒரு நபர் குழுவின் சார்பில், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். பள்ளிப் பெயரில் சாதி கூடாது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் குறி கூடாது. அகர வரிசைப்படி மாணவரை அமர்த்துக. ஆசிரியர் எவரும் மாணவனைச் சாதி சுட்டி அழைத்தல் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தார். உடனே எழுந்தது கூச்சல், "மதத்தில் கை வைக்கிறார்கள்" என்று! 2019-இல் கயிற்றைத் தடுத்துப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விடுத்தபோதும் இதே கூச்சல்தான். சாதிக்கு ஆபத்து என்றால் மதத்தின் போர்வைக்குள் ஒளிவது பழைய தந்திரம்.

"அரசே சாதிச் சான்று கேட்கிறதே" என்பர் சிலர். மருத்துவரும் நோயைக் கேட்கிறார், தீர்ப்பதற்காகக் கேட்கிறார். நோயைப் பரப்புவோன் கேட்பதும் அதுவும் ஒன்றாகுமா?

கூச்சலிடுவோரைக் கண்டிக்கிறோம், கண்டிப்போம். ஆனால் நானோர் ஆசிரியன். என் வீட்டுக் குப்பையை மறைத்துவிட்டு ஊர்த் தெருவைப் பெருக்க வரலாமா?

பணியில் சேர்ந்த முதல் வாரம். ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். பிறகு தந்தையார் பெயரைக் கேட்டார். விடை தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நம்ம பிள்ளை" என்றார், தேநீர் வருவித்தார். மறுக்காமல் குடித்தேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவனிடம் கயிற்றைக் கழற்றச் சொன்னேன். அவன் பணிவோடுதான் கேட்டான்: "ஐயா, நேற்று நோட்டுகள் கொண்டுவந்தபோது கேட்டுக்கொண்டு நின்றேன். பெரிய ஐயா உங்கள் தெருவை எதற்காகக் கேட்டார்?"

பகுத்தறிவு பேசிப் பழகிய என் நாவுக்கு விடை கிட்டவில்லை. அந்தத் தேநீர் என் கையில் கட்டப்பட்ட கயிறு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

கயிறு கட்டிய கை சிறுவனுடையது. முடிச்சுப் போட்ட கை பெரியவருடையது. ஆகவே அந்த அறிக்கையை முதலில் ஆசிரியர் அறையில் படியுங்கள் என்பேன். புதிதாக வந்தவரைத் தெரு கேளாதீர். உதவித்தொகை பெறுவோரை வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர். "நம்ம பிள்ளை" என்ற சொல்லைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அனைவர்க்கும் உரியதாக்குங்கள்.

அந்த மாணவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த முறை, "எந்தத் தெரு?" என்று எவரேனும் கேட்டால், அவன் காதுபடச் சொல்வேன்: "சொல்ல மாட்டேன், ஐயா!"