ஓடினால் போதாது, யாராவது எழுதணும்

கல்லூரி அணியில் ஓடும் ஒருவருக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் வேண்டுமா? அங்கே அதற்கு ‘குறிப்பிடத்தக்கமை’ என்று ஓர் அளவுகோல் உண்டு. எவ்வளவு வேகமாக ஓடினார் என்று அது கேட்பதில்லை. சம்பந்தமில்லாத யாராவது அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் கேட்கும். போட்டியில் கலந்துகொண்டாலே போதும் என்றிருந்த விதிகளையும் ஆங்கில விக்கி 2022-இல் எடுத்துவிட்டது.

விதி நியாயம்தான். ஆதாரமில்லாமல் எழுதினால் வெறும் புகழுரை ஆகிடும். ஆனால் மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். பாட்டி வளர்த்த பெண், லேடி டோக் கல்லூரி மாணவி, வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்துக்குத் தேர்வான பிறகுதான் நாடே அவரைப் பற்றிப் பேசியது. அதற்கு முன்னால் அந்த அளவுகோல் யாரை அளந்திருக்கும்? அவரையா, எழுதாத நம்மையா? விளையாட்டைப் பற்றி எழுதுவதை இலக்கியத்துக்குக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் நாம்தானே.

மண்ணூர்பேட்டையில் எங்க தெருவிலும் கல்லூரி அணிக்காக 800 மீட்டர் ஓடும் ஒரு பெண் இருக்கிறாள். பேப்பரில் அவளைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி, அதிலும் பெயர் தப்பு.

“உனக்கு ஒரு பக்கம் ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“முதல்ல நான் ஓடுறதை வந்து பாருங்கண்ணா” என்றாள்.