டம்மி டேபிளை எவ்வளவு நம்பலாம்?

பழைய தரவுத்தளத்தின் எந்தப் புலம் புதியதில் எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்று இணைத்துக் காட்டுவதுதான் மேப்பிங். திரையில் மவுஸால் கோடு இழுக்கும் வேலை. ஆனால் கோடு இழுக்க இரண்டு முனையும் வேண்டுமே! மூலத் தரவுத்தளம் வாடிக்கையாளரான வங்கியின் உள்வலையில் பூட்டிக் கிடக்கும். அனுமதிக் கடிதம் மேசை மேசையாக நகரும். சில சமயம் மூல டேபிளே இன்னும் பிறந்திருக்காது. வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதி மட்டும் அசையாது.

இதற்குத் துறையில் பலரும் கைக்கொள்ளும் வழி டம்மி டேபிள். அதே பெயரும் அதே புலங்களும் கொண்ட காலி டேபிளைத் தன் கணினியில் உருவாக்கி, மேப்பிங்கை முடித்துவிட்டு, பிற்பாடு இணைப்பு முகவரியை மட்டும் மாற்றிவிடுவது. எஸ்.க்யூ.எல். சர்வர் 2005உடன் வந்த எஸ்.எஸ்.ஐ.எஸ். என்னும் தரவு மாற்றக் கருவி இதற்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. இணைக்கும்போது பார்த்த புலப் பெயர், தரவு வகை, நீளம் எல்லாவற்றையும் அது பேக்கேஜ் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது.

இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட முடியாது. மூலத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் பாதி வேலை முடிந்துவிடும். அதைவிட முக்கியம், வாடிக்கையாளரின் அசல் தரவு ஒப்பந்தக்காரரின் மடிக்கணினிக்கு வருவதே இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிய பிறகு இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமும் அல்ல.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. டம்மி டேபிளை நாமே, நம்மிடம் உள்ள எக்செல் விவரப் பட்டியலைப் பார்த்து உருவாக்குகிறோம். பிறகு அதன்மேலேயே மேப்பிங்கைச் சோதிக்கிறோம். கேள்வித்தாளை எழுதிய கையே விடைத்தாளையும் எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

மூலம் ஆரக்கிள், இலக்கு எஸ்.க்யூ.எல். சர்வர் என்று வைத்துக்கொள்வோம். விவரப் பட்டியலில் ‘வட்டி விகிதம் – நம்பர்’ என்று மட்டும் இருக்கிறது. டம்மியில் நாம் இரண்டு தசம இடம் போதும் என்று வைத்துவிடுகிறோம். ஆரக்கிளிலோ அளவு குறிப்பிடாத நம்பர் நிறையத் தசம இடங்களையும் விழுங்கும். வட்டி விகிதத்தின் நாலாவது தசமம் வழியில் உதிர்ந்துவிடும். ‘முகவரி – காலியாக இருக்கக் கூடாது’ என்று இலக்கில் விதி இருக்கும். ஆரக்கிள் வெற்றுச் சரத்தையும் மதிப்பே இல்லாத ‘நல்’ (null) ஆகவே கொள்ளும் என்பதால், அந்த வரிசைகள் வாசலிலேயே நிற்கும். தேதி தெரியாத இடத்தில் 0001ஆம் ஆண்டைப் போட்டு வைத்த பழைய பதிவுகளும் வரும், எஸ்.க்யூ.எல். சர்வரின் ‘டேட்டைம்’ வகை 1753க்கு முந்தைய தேதியை ஏற்காது. இவற்றில் எதையும் காலி டேபிள் சொல்லாது. அதில் ஒரு வரிசைகூட இல்லையே.

தமிழ்த் தரவில் இன்னொரு சங்கடம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் குறியேற்றத்தில் தட்டச்சான பெயர்கள் பழைய டேபிள்களில் சாதாரண ‘வார்சார்’ புலத்தில் கிடக்கும். 2010இல் அரசு யூனிகோடுக்கு மாறியது. அதற்காகப் பழைய பதிவுகள் தாமாக மாறிவிடுமா? பெயருக்குப் பெயர் பொருந்தும், எஸ்.எஸ்.ஐ.எஸ். கேட்கும் வகை மாற்றப் படியைச் சேர்த்துவிட்டால் அதுவும் பிழையின்றி ஓடும். இலக்கில் வந்து விழுவதோ ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை.

எஸ்.எஸ்.ஐ.எஸ். தரும் இரண்டு சுவிட்சுகளையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ‘டிலே வேலிடேஷன்’ சரிபார்ப்பை அந்த வேலை ஓடும் நேரம்வரை தள்ளிவைக்கிறது. முந்தைய படி உருவாக்கும் டேபிளுக்கு இதுவே சரியான வழி. ‘வேலிடேட் எக்ஸ்டர்னல் மெட்டாடேட்டா’வை அணைப்பதோ வேறு கதை: பேக்கேஜில் எழுதி வைத்த விவரத்தை உண்மை டேபிளோடு ஒப்பிடுவதையே அது விட்டுவிடுகிறது. மூலத்தில் 50 எழுத்துப் புலத்தை யாரோ 100 ஆக்கியிருந்தால், 51ஆவது எழுத்தோடு ஒரு பெயர் வரும்வரை ஒன்றும் தெரியாது. வந்ததும், இயல்பான அமைப்பில், பாதியில் நின்றுபோகும். பெரும்பாலும் நள்ளிரவு ஓட்டத்தில். மேப்பிங் செய்யும் நாட்களில் இதை அணைத்து வைப்பதில் தவறில்லை. அப்படியே நேரடிப் பயன்பாட்டுக்கு அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே டம்மி டேபிள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது எதிலிருந்து பிறக்கிறது என்பதே கேள்வி. மூலத்தைத் திறந்துகாட்ட மறுக்கும் நிர்வாகிகூட, டேபிளை உருவாக்கிய கட்டளைக் கோப்பையோ, ஆரக்கிளின் ‘ஆல் டேப் காலம்ஸ்’ பட்டியலையோ தரத் தயங்குவது அரிது. அதில் வாடிக்கையாளர் பெயர் எதுவும் இல்லை. கூடவே அடையாளங்கள் மறைக்கப்பட்ட கொஞ்சம் வரிசைகளையும் கேட்டு வாங்க வேண்டும். அவையும் முதல் சில வரிசைகளாக இருந்தால் பயனில்லை. மிக நீளமான பெயர், மிகப் பழைய தேதி, காலியான முகவரி என்று பார்த்துப் பொறுக்கியவையாக இருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் எழுதும் அன்றே இந்தக் கோரிக்கையையும் அதில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம்.