மூன்று பச்சை விளக்குகள்

பைப்பர் ஆரோ 1967-இல் வந்த சின்ன விமானம். மேலே மடக்கிய சக்கரங்களை அதில் எந்தக் கொக்கியும் பிடித்திருப்பதில்லை. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம்தான் தாங்குகிறது. எண்ணெய் ஒழுகி அழுத்தம் போனால் சக்கரங்கள் தாமாகவே இறங்கிவிடும். பம்பு மட்டும் படுத்துவிட்டால்? முன் இருக்கைகளுக்கு நடுவே ஒரு நெம்புகோல். அதைக் கீழே அழுத்தினால் அழுத்தம் விடுபட்டு, சக்கரங்கள் சொந்த எடையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். மூக்குச் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் கை கொடுக்கும். கெட்டுப்போனாலும் நல்ல பக்கமாகவே கெட்டுப்போகிற பொறி. எனக்கு இதில் தனி மோகம்.

சக்கரத்தை இயக்கும் பிடியே குட்டிச் சக்கர வடிவில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் களைத்த விமானிகள், இரண்டு பிடிகளும் ஒரே மாதிரி இருந்ததால், தரையிறங்கிய பிறகு இறக்கையின் ஃப்ளாப்புக்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் கண்ட வழி இது: விரலுக்கே தெரியட்டும்.

மூன்று சக்கரமும் பூட்டினால் மூன்று பச்சை விளக்கு. ஒன்று எரியாவிட்டால், எரிகிற பல்பைப் பிடுங்கி அங்கே செருகிப் பார்க்கலாம். பட்டப்பகலில் மூன்றுமே தெரியவில்லையா? பதறுமுன் இறக்கை விளக்கின் சுவிட்சைப் பாருங்கள். அது போட்டிருந்தால் பச்சை மங்கிவிடும்.