மேடுகள் தாங்கும் பாரம்

சுத்தமாகத் துடைத்த இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் வண்ண வளையங்கள் தெரியும். இன்னும் அழுத்தினால் நடுவிலுள்ள கரும்புள்ளி பெரிதாகும். கண்ணாடியும் நசுங்குகிறது!

1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதற்குக் கணக்குப் போட்டவர், பெர்லினில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த 23 வயது ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். அழுத்தும் விசை எட்டு மடங்கானால் இரு வில்லைகளும் தொடும் வட்டத்தின் ஆரம் இரண்டே மடங்காகும். பால்-பேரிங் வடிவமைப்பவர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. பாடப்புத்தகங்கள் அவருடைய மின்காந்த அலைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கென்னவோ இந்த விடுமுறைக் கணக்குதான் கூடுதல் அழகு.

ஆனால் அவர் கணக்கிட்டது வழவழப்பான பரப்புக்கு. நிஜ இரும்பு, எவ்வளவு தேய்த்து மெருகேற்றினாலும், மேடும் பள்ளமும்தான். மேஜைமேல் வைத்த இரும்புக்கட்டி சில மேட்டு நுனிகளில்தான் நிற்கிறது. அடிப்பரப்பின் பெரும்பகுதி மேஜையைத் தொடுவதேயில்லை. 1966-இல் கிரீன்வுட், வில்லியம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த மேடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வளைவு, உயரம் மட்டும் வெவ்வேறு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே வளைவு என்பது அப்பட்டமான பொய்தான், போகட்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஹெர்ட்ஸின் சூத்திரத்தைப் போட்டுக் கூட்டினார்கள். பாரம் ஏற ஏறப் பழைய தொடுபுள்ளிகள் பெரிதாகும். கூடவே புதிய குட்டிப் புள்ளிகளும் வந்து சேரும். சராசரி அளவு ஏறக்குறைய அப்படியே நிற்க, எண்ணிக்கைதான் பெருகுகிறது. பாரம் இரட்டித்தால் தொடுபரப்பும் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. உராய்வு இந்தத் தொடுபரப்பைப் பொறுத்தது என்று கொண்டால், உராய்வு பாரத்துக்கு நேர்விகிதம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதிக்கு இங்கே ஒரு காரணம் கிடைக்கிறது.