குட்டியானையின் முதல் ஆயில்

புது வண்டியின் முதல் எஞ்சின் ஆயில் தனி ரகம். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் உரசிப் பழகும்போது உதிரும் நுண்ணிய உலோகத்தூள் அதில்தான் சேர்கிறது. தமிழ்நாட்டில் குட்டியானை என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் 2005-இல் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். பரளச்சி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டை ஏற்றி ஓடும் வண்டிக்குக் கரிசல்காட்டுப் புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

ஆயிலை மாற்ற, சமதளத்தில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சூடேறிய ஆயில் இளகி, கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடைப்பது இந்த ஊர்ப் புழுதிக்குக் கட்டாயம். அடிப்போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த ஆயில் கயிறாக விழும். மெலிந்து நூலாகி, சொட்டாகும் வரை காத்திருப்பதுதான் இந்த வேலையின் அழகு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அதில் மெல்லிய மினுமினுப்பு தெரியும். அது எஞ்சின் பழகியதன் தடம். துண்டுதுண்டாக உலோகம் வந்தால்தான் கவலை. கறுப்பும் கெட்ட அறிகுறியல்ல, டீசல் புகைக்கரியை ஆயில் தாங்கிப்பிடித்த நிறம்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்க வேண்டும். அடிப்போல்ட்டுக்குப் புது வாஷர். கையேடு சொல்லும் தரத்தில், அளவில் ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சிறிது ஓட்டி நிறுத்தியபின் டிப்ஸ்டிக்கில் இரு கோடுகளுக்கிடையே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வாரண்டிக்காக ரசீதையும் கிலோமீட்டர் குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். வடித்த ஆயில் கேனில் அடைபட்டு மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டும். கரிசல் மண்ணில் ஒரு சொட்டும் விழக்கூடாது.