வைரமும் அணிலும்: பயன்வழிக் கொள்கையினரிடையே எழுந்த பூசல்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கல்வித் தத்துவம் பயின்றோர்க்கு ஜான் டூயி புதியவர் அல்லர். ‘செய்து கற்றல்’ என்ற தொடரோடு அவர் பெயரும், அவர் பெயரோடு பிராக்மாட்டிசம் எனப்படும் பயன்வழிக் கொள்கையும் சேர்ந்தே மனத்தில் பதிந்திருக்கும். பயன் தருவதே உண்மை என்பது அக்கொள்கை என ஒரே வரியில் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றவர்களும் உண்டு. அந்த ஒரு வரியை அக்கொள்கையின் முதல்வரிடம் காட்டினால் சினந்திருப்பார். உண்மையில் சினக்கவே செய்தார். தாம் பெற்ற பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டு, வேறொன்றுக்குப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டு விலகும் அளவுக்குச் சினந்தார்.

அவர் சார்லஸ் பர்ஸ் (1839–1914). எழுத்தைப் பார்த்துப் ‘பியர்ஸ்’ என்போர் பலர். அவர் குடும்பத்தார் ஒலித்தது ‘பர்ஸ்’ என்றே. அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பை அளந்தவர் அவர். அளவைக் கருவியோடு வாழ்வோர்க்கு ஒரு பழக்கம் படியும். ஒரே அளவைப் பன்முறை எடுப்பர். ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபடும். எடுக்க எடுக்க அவ்வேறுபாடுகள் ஓரிடத்தை நோக்கிக் குவியும். ஒருவர் ஒரு முறை கண்டது முடிவாகாது. பர்ஸின் தத்துவம் பெரும்பாலும் இப்பழக்கத்தின் விரிவே எனலாம்.

1870களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இளைஞர் சிலர் கூடி உரையாடிய ‘மெட்டாபிசிக்கல் கிளப்’ என்னும் கழகத்தில் இக்கொள்கை கருக்கொண்டது. வில்லியம் ஜேம்ஸும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸும் அதில் இருந்தனர். ஒருவன் எதனை நம்பிச் செயலில் இறங்க ஆயத்தமாக இருக்கிறானோ அதுவே அவனது நம்பிக்கை என்ற அலெக்சாண்டர் பெயினின் விளக்கத்தை அங்கே வலியுறுத்தியவர் நிக்கலஸ் கிரீன் என்னும் வழக்கறிஞர். அவ்விளக்கத்தின் கிளையே தம் கொள்கை எனப் பர்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார்.

1878இல் அவர் ஒரு மாத இதழில் வெளியிட்ட கட்டுரை, கருத்துகளைத் தெளிவாக்கும் வழி யாது என்பதைப் பற்றியது. ஒரு பொருளைப் பற்றிய கருத்துத் தெளிவாக வேண்டின், அப்பொருளிடமிருந்து நடைமுறையில் என்னென்ன விளைவுகளை எதிர்பார்க்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்விளைவுகளுக்கு அப்பால் அக்கருத்தில் எஞ்சுவது ஒன்றுமில்லை என்றார் பர்ஸ். வைரம் கடினமானது என்பதன் பொருள், பிற பொருள்கள் பல அதனைக் கீறமாட்டா என்பதே. இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இது சொல்லின் பொருளைத் தெளிவாக்கும் முறை. ‘உண்மை’ இன்னதென வரையறுக்கும் முறை அன்று. உண்மைக்கு அதே கட்டுரையில் அவர் வேறு விளக்கம் தந்தார்: ஆராய்வோர் அனைவரும் இறுதியில் எதில் உடன்பட்டே ஆக வேண்டுமோ அதுவே உண்மை. பிராக்மாட்டிசம் என்ற சொல் அக்கட்டுரையில் இல்லவே இல்லை.

இருபது ஆண்டுகள் அதனைப் பெரிதும் சீண்டுவார் இல்லை. 1898இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆற்றிய சொற்பொழிவே அச்சொல்லை உலகறியச் செய்தது. கொள்கை பர்ஸுடையது என்று பெயர் சொல்லியே அவர் அறிவித்தார். நட்பில் ஜேம்ஸ் குறை வைத்தவர் அல்லர். 1897இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியைப் பர்ஸுக்கே உரித்தாக்கினார். வேலையிழந்து வறுமையில் வாடிய நண்பர்க்குச் சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்து தந்தார். பிறரிடம் பொருள் திரட்டியும் உதவினார். ஆயினும் நண்பர் தந்த கருவி அவர் கையில் வேறொன்றாயிற்று.

1907இல் நூலாகிய ‘பிராக்மாட்டிசம்’ சொற்பொழிவுகளில் ஜேம்ஸ் கூறும் அணில் கதை புகழ் பெற்றது. மரத்தின் ஒரு பக்கத்தில் அணில், மறுபக்கத்தில் மனிதன். அவன் மரத்தைச் சுற்றச் சுற்ற அணிலும் தன் வயிற்றுப் புறத்தை அவனுக்கு நேராக வைத்தபடியே நகர்கிறது. மனிதன் அணிலைச் சுற்றினானா? கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எனத் திசைகளைக் கொண்டு பார்த்தால் சுற்றினான். அதன் முன்புறம், பக்கம், முதுகு எனக் கொண்டால் சுற்றவில்லை. ‘சுற்றுதல்’ என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டவுடனே பூசல் மறைகிறது. இதுவரை பர்ஸுக்கும் மறுப்பில்லை.

அடுத்த அடியில்தான் ஜேம்ஸ் வழி பிரிந்தார். விளைவைக் கொண்டு பொருளை அறிவதோடு நில்லாமல், விளைவைக் கொண்டு உண்மையையும் அளக்கத் தொடங்கினார். ஒரு கருத்து வாழ்வில் நன்கு வழிநடத்துமாயின் அந்த அளவுக்கு அது உண்மை. உண்மை என்பது கருத்துக்கு நேர்வது, முன்பே அதனுள் உறைந்து கிடப்பது அன்று என்றார். சமய நம்பிக்கை ஒருவனுக்கு ஆறுதல் தருமாயின் அந்த ஆறுதலும் சான்றுகளின் வரிசையில் இடம் பெற்றது.

கிணற்றில் நீர் உண்டு என்ற கூற்றை எடுத்துக்கொள்ளலாம். அது மெய்யானால் இறக்கிய வாளி நிறைந்து வரும். அதனை நம்பினாலோ, வாளியை இறக்கும் முன்பே தாகமுற்றவன் மனம் குளிரும். முன்னது கூற்றின் விளைவு. பின்னது நம்பிக்கையின் விளைவு. ஜேம்ஸ் இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்கிவிட்டார். இக்குழப்பத்தைச் சுட்டிக் காட்டியவர் பகைவர் மட்டுமல்லர். அதே முகாமைச் சேர்ந்த டூயியும் 1908இல் எழுதிய கட்டுரையில் இவ்வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே பெர்ட்ரண்ட் ரசல், ஒரு நம்பிக்கையின் விளைவுகள் நல்லனவா என்று காண்பது, அது மெய்யா என்று காண்பதைவிடக் கடினம் என்று மடக்கினார். ஆர்தர் லவ்ஜாய் இக்கொள்கைக்குள்ளேயே 13 தனித்தனிக் கொள்கைகளை எண்ணிக் காட்டியதும் அவ்வாண்டில்தான். அவ்வெண்ணிக்கையில் சற்றுக் குறும்பும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் முன்பே 1905இல் பர்ஸ் தம் முடிவை வெளியிட்டிருந்தார். தம் சொல்லைப் பிறர் கண்டபடி கையாள்வதைப் பொறாமல், அதன் நடுவே ஓர் அசையைக் கூட்டிப் ‘பிராக்மாட்டிசிசம்’ என்று தம் கொள்கைக்கு மறுபெயர் இட்டார். பிள்ளை பிடிப்போர் கவர்ந்து செல்லாத அளவுக்கு அப்பெயர் அருவருப்பானது என்று தாமே நகையாடினார். பலர் இப்பெயர் மாற்றத்தையே பூசலின் சாரமாகக் கருதுவர். அது மேல்தோல். சாரம் அவ்வாண்டில் அவர் வைரத்தைப் பற்றி மீண்டும் எழுதியதில் இருக்கிறது.

1878 கட்டுரையிலேயே ஒரு வினா இருந்தது. மென்மையான பஞ்சின் நடுவே ஒரு வைரம் உருவாகி, எதுவும் அதனை அழுத்திப் பார்க்கும் முன்னரே எரிந்து போயிற்று என்று கொள்க. அது கடினமாக இருந்ததா? இளமையில் பர்ஸ், அது வெறும் சொல் வழக்கைப் பொறுத்தது, மென்மையானது என்று சொன்னாலும் பொய்யாகாது என்று விடை கூறினார். 1905இல் அவ்விடையைத் தாமே மறுத்தார். கீறியிருந்தால் கீறல் விழுந்திராது என்பது மெய். எவரும் கீறிப் பார்க்காமையால் அம்மெய் அழியாது என்றார். ‘விழவில்லை’ என்பதற்கும் ‘விழுந்திராது’ என்பதற்கும் இடையே நிற்கும் ஒரு வினைமுற்று வேறுபாடுதான். தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வேறுபாட்டில் பர்ஸின் கட்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜேம்ஸ் கூறும் விளைவு ஒருவனது வாழ்வில், ஒரு காலத்தில் நிகழ்வது. பர்ஸ் கூறும் விளைவு, யார் எப்போது சோதித்தாலும் நிகழக்கூடியது. ஒருவரும் சோதியாவிடினும் நிலைப்பது. நடுவர் யார் என்பதே வழக்கு. ஜேம்ஸ் தனி மனிதனை அமர்த்திய இருக்கையில், பர்ஸ் முடிவில்லாது தொடரும் ஆராய்ச்சியாளர் கூட்டத்தை அமர்த்தினார்.

உண்மையைப் பற்றிய வழக்கில் பர்ஸின் பக்கமே நீதி இருக்கிறது. தான் விரும்புவதற்கும் இருப்பதற்கும் இடையிலுள்ள வேலியை ஜேம்ஸ் தளர்த்திவிட்டார். தளர்ந்த வேலியில் யார் வேண்டுமாயினும் புகலாம். எனினும் ஜேம்ஸை எளிதில் தள்ளிவிட இயலாது. மலையேறுவோன் ஒருவன் பிளவைத் தாண்டினாலன்றித் தப்ப வழியில்லை எனும் நிலையில், ‘என்னால் இயலும்’ என்ற நம்பிக்கையே தாண்டும் வலிமையைத் தருகிறது என்ற அவரது எடுத்துக்காட்டு வலியது. ஆராய்ச்சியாளர் கூட்டம் என்றோ ஒருநாள் உடன்படும் வரை அவன் அங்கே நிற்க முடியுமா?

இதற்குப் பர்ஸ் தந்த விடை வியப்பானது. 1898இல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்ற அவரை அழைத்தபோது, கடுந்தருக்கத்தை விட்டு வாழ்வுக்கு இன்றியமையாத பொருள்களைப் பேசுமாறு ஜேம்ஸ் வேண்டினார். பர்ஸும் பேசினார். வாழ்வா சாவா என்ற வேளையில் தத்துவத்தை நம்பாதீர், இயல்புணர்ச்சியையும் மரபையும் நம்புங்கள். அறிவியல் நாளைக்குத் திருத்தப்படக் கூடியது, அதனைத் துணைக்கு அழைக்காதீர் என்பதே அவர் பேச்சின் கரு. விளைவைக் கொண்டே பொருளை அறியச் சொன்னவர், வாழ்வின் பெரும் விளைவுகளுக்குத் தம் முறையைப் பயன்படுத்த மறுத்தார்! நேர்மையான மறுப்புத்தான்; ஆயினும் மலைப்பிளவின் விளிம்பில் நிற்பவனை அது கைவிட்டுவிடுகிறது. ஜேம்ஸின் நூல்களைப் பொதுமக்கள் விரும்பிப் படித்ததற்கு நடையழகு மட்டும் காரணம் அன்று.

டூயி 1880களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பர்ஸின் தருக்க வகுப்பில் இருந்தவர். கணிதம் மிகுந்த அவ்வகுப்பு அன்று அவரைக் கவரவில்லை. அவரது தருக்க ஆய்வுகளைப் பர்ஸும் 1904இல் பாராட்டவில்லை. எண்ணம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்ற வரலாறு, எவ்வாறு எண்ண வேண்டும் என்ற தருக்கம் ஆகாது என்பது அவர் குறை. 1938இல் 79 வயதில் டூயி வெளியிட்ட தருக்க நூலின் அடிக்குறிப்பு ஒன்று, தருக்க நோக்கில் உண்மைக்குத் தாம் அறிந்த சிறந்த வரையறை பர்ஸுடையதே என்கிறது. பர்ஸ் மறைந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழக்கு அத்துடன் முடியவில்லை. இயக்கத்துக்குப் பெயர் தந்ததும் ஜேம்ஸைத் தூண்டியதுமே பர்ஸ் செய்த பணி என்று 1979இல் ரிச்சர்ட் ரார்ட்டி ஒதுக்கினார். சூசன் ஹாக் 1997இல் விடையாக ஓர் உரையாடலைத் தொகுத்தார். பர்ஸும் ரார்ட்டியும் எதிரெதிரே பேசும் அதில், இருவர் பேச்சும் அவரவர் எழுத்துகளிலிருந்தே எடுத்துக் கோக்கப்பட்டவை. ‘பயன்வழியினராகிய நாம்’ என்பது அதன் தலைப்பு.